தொடையில் ஒரு சில்லு

"உடம்புல எங்கயாவது இரும்பு இருக்கா? குண்டூசி அளவு இருந்தாலும் சொல்லிடுங்க" என்று நர்ஸ் மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"கட்டின பல்லு கூட இல்லம்மா" என்றார் லேத் பட்டறைக்காரர், சிரித்துக்கொண்டே. பக்கத்தில் நின்ற மனைவியின் கண் அவர் வலது தொடைக்குப் போயிற்று.

முழுப் பூசணிக்காயை அல்லவா சோற்றில் மறைக்கிறார்! கல்யாணமான புதிதில் பட்டறையில் தெறித்த இரும்புச் சில்லு ஒன்று அவர் வலது தொடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பட்டறை ஆட்கள் இதற்கெல்லாம் டாக்டரிடம் ஓடுவார்களா என்ன? துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் மெஷினில் போய் நின்றார். குளிர் நாளில் அது குத்தினால், "என் சின்ன வீடு கூப்பிடுது" என்று கண்ணடிப்பார்.

இப்போது அடிவயிற்றில் புற்று. மற்ற மருந்தெல்லாம் கைவிட்டபின், டாக்டர் இந்தப் பரிசோதனை வைத்தியத்தைச் சொன்னார். தூசியைவிடப் பொடியான இரும்புத் துகளில் மருந்தைப் பூசிக் கட்டிக்குள் ஏற்றுவார்கள். காந்தச் சுருளுக்குள் படுக்கவைத்தால் துகள் சூடேறும். சூடு கட்டியைச் சுடும், மருந்தும் அங்கேயே இறங்கும். "முப்பது வருஷம் இரும்ப நான் சுட்டேன். இப்ப அது முறை" என்றார் பட்டறைக்காரர். ஆனால் இவருக்கு முன்னால் வந்தவரை, முழங்காலில் வைத்த இரும்புத் தகடும் சூடேறிவிடும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதைப் பார்த்ததும் மனைவியின் கையைப் பிடித்தார்.

"வாயத் தொறந்த, என்னை நீயே கொன்ன மாதிரி."

வயிற்றைத்தான் படம் எடுத்தார்கள். தொடையை யார் பார்த்தார்கள்?

மொத்தம் பதினைந்து நிமிஷம் என்றார்கள். மெஷின் உறுமியது. மனைவி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். சூடு தாங்கவில்லை என்றால் அழுத்தச் சொல்லி அவர் கையில் ஒரு மணிப் பொத்தானைக் கொடுத்திருந்தார்கள். ஐந்து நிமிஷம் போயிற்று. வலது கால் கட்டைவிரல் துடித்தது. பிறகு கால் முழுக்க வெடவெடத்தது.

"மணியே அடிக்கலையே, நல்லாத் தாங்குறாரு" என்றாள் நர்ஸ்.

பாவி மனுஷன், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். உயிரோடு வேண்டும் அவளுக்கு, எப்படியாவது வேண்டும். வாயைத் திறந்தால் இந்த வழியும் அடைபடும். திறக்காவிட்டால் கண்ணெதிரே வேகிறார்.

"நிறுத்துங்கம்மா! தொடையில இரும்பு இருக்கு!"

உறுமல் நின்றது. நர்ஸை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கருகிய வாடை அடித்தது. அவர் கையில் மணி இல்லை. அதைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு, இரண்டு கையாலும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

"இன்னும் பத்து நிமிஷந்தானேடி" என்றார்.