கனகேஸ்வரி அக்காவுக்குச் செய்த ஏற்பாடுகள்

கனகேஸ்வரியின் வலது கை நடுங்குவதை முதலில் கவனித்தவர் நோர்மாதான். தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனையின் ஆக்குபேஷனல் தெரபி பிரிவுக்குக் கனகேஸ்வரி தலைவர், நோர்மா துணைத் தலைவர். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போடவும், கரண்டி பிடிக்கவும், கோப்பி கலக்கவும் மறுபடி பழக்கிவிடுவது அவர்கள் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு கையை மறைக்க முடியுமா? காலைக் கூட்டத்தில் மேசைக்கு அடியில் போன அந்தக் கையை நோர்மா பார்த்தார். வலுவிழந்த கைகளைத் தாங்கிப்பிடிக்கும் ஸ்பிளிண்ட் பட்டைகளைச் செய்துகொடுக்கும் அஸ்ஹரும் பார்த்தார். இருவரும் வாயைத் திறக்கவில்லை.

அதற்கு அவர்களிடம் ஒரு நியாயம் இருந்தது. மேலிடத்துக்குத் தெரிந்தால் கனகேஸ்வரியை எங்காவது ஒரு மூலை மேசைக்குத் தள்ளிவிட்டு, புதிதாக யாரையோ தலைவராகக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள் என்று பயந்தார்கள். அவர் இல்லாத அந்தப் பிரிவை நோர்மாவால் நினைத்தே பார்க்க முடியவில்லை. யாரையும் நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டாதவர் அவர். சிக்கலான நோயாளியைத் தான் எடுத்துக்கொண்டு, பெயர் வாங்கித் தரும் வேலையை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பார். நோர்மாவின் இரண்டாவது குழந்தை குறைமாதத்தில் பிறந்தபோது, விடுப்புத் தர முரண்டுபிடித்த நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்றவரும் அவர்தான். அப்படிப்பட்டவரைக் காப்பாற்றாமல் எப்படி இருப்பது என்று நோர்மா நினைத்தார்.

போதாக்குறைக்கு அந்த வருஷம் நோர்மாவைப் பத்து பெரிங்கியில் ஒரு ஹோட்டலில் நடந்த தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அனுப்பி வைத்தவரே கனகேஸ்வரிதான். நல்ல நிர்வாகி என்பவர் பிரச்சினை தன் வாயைத் திறக்கும் முன்பே அதைத் தீர்த்துவிடுவார் என்று டை கட்டிய ஒருவர் சொல்லிக்கொடுத்தார். சாப்பாடு பிரமாதமாம். சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு, பாடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

முதலில் கனகேஸ்வரியின் மேசைக்குத் தடித்த பேனா ஒன்று வந்தது. மருந்துக் கம்பெனிக்காரர் இலவசமாகக் கொடுத்தது என்றார் நோர்மா. பிறகு கோப்பி, மூடி போட்ட கனமான குவளையில் வர ஆரம்பித்தது. எறும்புத் தொல்லையாம். அஸ்ஹர் அலமாரியின் சின்னப் பிடிகளைக் கழற்றிவிட்டு, முழுக் கையால் பிடித்து இழுக்கிற பெரிய பிடிகளை மாட்டினார். பழையது துருப்பிடித்துவிட்டதாகச் சொன்னார். எல்லாமே நோயாளிகளின் வீடுகளில் அவர்கள் செய்துகொடுக்கிற ஏற்பாடுகள்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்கள், அதுவும் பூசணிக்காயை நறுக்கவே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரிடம்.

அப்புறம் வேலையிலும் கை வைத்தார்கள். ஸ்பிளிண்டுக்கு அளவெடுக்க வேண்டிய நோயாளிகள் கனகேஸ்வரியிடம் போகாமல் நோர்மா பார்த்துக்கொண்டார். மருத்துவர்களோடு நடக்கும் வாராந்திரக் கூட்டத்துக்கும், அக்கா ஓய்வெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவரே போனார். வீட்டுக்குத் திரும்பிய நோயாளியைத் தேடிப் போய், குளியலறையும் படிக்கட்டும் அவருக்குத் தோதாக இருக்கிறதா என்று பார்த்துவரும் ஹோம் விசிட் கனகேஸ்வரிக்கு உயிர். நிபோங் திபால் வரைக்கும் அலுக்காமல் போய்வருவார். அஸ்ஹர் முந்திக்கொண்டு கார் சாவியை எடுத்துவிட, அதுவும் நின்றுபோனது.

கனகேஸ்வரி எல்லாவற்றுக்கும் சரி என்றார். அந்தச் சரி வரவரச் சன்னமாகிக்கொண்டே போனது. நோர்மா அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டார். ஒரு நோயாளி அப்படிச் சரி சொல்லியிருந்தால் பதறிப்போயிருப்பார். நம் ஆள் என்று வந்துவிட்டால் படித்ததெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, அஸ்ஹர் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், கனகேஸ்வரி நோர்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முன்கூட்டியே ஓய்வு கேட்டிருந்ததாகவும், அனுமதி வந்துவிட்டதாகவும், மாதக் கடைசியோடு போகப்போவதாகவும் சொன்னார். தனக்கு வந்திருப்பது பார்க்கின்சன் என்று போன வருஷமே தெரியுமாம். மாத்திரை சாப்பிட்டு வருகிறாராம். இன்னும் சில வருஷம் தாராளமாக வேலை பார்க்கலாம் என்றுதான் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

நோர்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியானால் ஏன் போக வேண்டும், எல்லாவற்றையும் நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோமே, வெளியில் ஒருவருக்கும் தெரியாமல்தானே வைத்திருந்தோம் என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

கனகேஸ்வரிக்கு எப்போதும் குரல் உயராது. மனம் நொந்தால் மட்டும் வேலையிடத்துத் தமிழ் விலகி, யாழ்ப்பாணத்து வீட்டுத் தமிழ் வந்துவிடும்.

"பேனா வந்த அண்டைக்கே உங்களுக்குத் தெரியும் எண்டு எனக்கு விளங்கீட்டுது, நோர்மா. ஆராவது வந்து கேப்பீங்கள் எண்டு பாத்துக்கொண்டே இருந்தன். நானாச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல. பயமா இருந்தது."

"உங்கள காப்பாத்தத்தான்க்கா செஞ்சோம். மேல தெரிஞ்சா உங்கள மாத்திருவாங்கன்னு பயந்துதான்லா."

"ஒரு பேஷண்ட் வந்தா முதல்ல என்ன கேப்பம்? என்ன செய்ய விருப்பம் எண்டுதானே. என்னட்டக் கேட்டிருந்தா, ஸ்பிளிண்டை விட்டுடுறன், ஹோம் விசிட்டை விடமாட்டன் எண்டு சொல்லியிருப்பன். நீங்கள் எல்லாத்தையும் எடுத்துப்போட்டுப் பேனாவை மட்டும் தந்தனீங்கள்."

பிறகு நிதானமாக மற்றதையும் சொன்னார். கைகளைப் பற்றி இந்தத் தீவில் இவர்களைவிடத் தெரிந்தவர்கள் இல்லை என்பது அவர் நம்பிக்கை. அவர்களே ஒவ்வொரு வேலையாகத் தன்னிடமிருந்து எடுக்கும்போது, இனித் தன்னால் ஒன்றும் ஆகாது என்று அவரும் நம்பிவிட்டார். நம்பித்தான் ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். அவரை இருக்க வைக்க இவர்கள் பட்ட பாடு அத்தனையும் சேர்ந்து அவரை வெளியே அனுப்பிவிட்டது.

நோர்மா கெஞ்சிப் பார்த்தார். இயக்குநரிடம் தானே போய்ப் பேசுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றார் கனகேஸ்வரி. பாலத்துக்கு அந்தப் பக்கம் கெப்பாலா பத்தாஸில் தம்பி வீட்டில் அறை தயாராகிவிட்டது, அங்கே போய் இருக்கிறேன் என்றார். மாதக் கடைசியில் பிரியாணி போட்டு வழியனுப்பினார்கள். எல்லோரும் நிறையப் பேசினார்கள், ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறு வாரம் நோர்மாவைத் தற்காலிகத் தலைவராக்கினார்கள். அந்த நாற்காலியில் உட்காரவே அவருக்குக் கூசியது.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நோர்மா போன் செய்தார். அக்காவுக்கு இனித் தெரபி வேண்டுமே, வாரம் ஒருமுறை பாலம் தாண்டி அஸ்ஹரே வந்து அழைத்துப்போவார், நம் பிரிவுக்கே வந்துவிடுங்கள், எங்களைப் போல உங்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

கனகேஸ்வரி நோர்மாவின் பிள்ளைகளை விசாரித்தார். அஸ்ஹரின் முதுகுவலியை விசாரித்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன இடத்துக்குப் போகிறேன், அது போதும் என்றார். நோர்மா விடவில்லை. அங்கே இருக்கிறவர்களுக்கு உங்களைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டார்.

"ஒண்டும் தெரியாது, நோர்மா. சின்னப் பிள்ளை, இப்பதான் படிச்சு முடிச்சு வந்திருக்குது. முதல் நாளே, உங்களுக்கு என்ன செய்ய விருப்பம் எண்டு கேட்டுது. எனக்கு ஹோம் விசிட் போக விருப்பம் எண்டு சொன்னன். அந்தப் பிள்ளை சிரிக்கேல்ல. எழுதிக்கொண்டுது."