குடம் விழும் சனிக்கிழமை

என் தம்பி யாசோன் எங்கள் ஊர் பேண்டு குழுவில் ட்ரம்பெட் வாசிக்கிறான். ஈஸ்டர் வாரத்தில் அவனைக் கண்ணால் பார்ப்பதே குதிரைக் கொம்பு. பெரிய வெள்ளியன்று காலை தன் புது மனைவி பொலிக்சேனியை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "அக்கா, ரெண்டு நாளைக்கு இவ உன் பொறுப்பு. ஊரைச் சுத்திக் காட்டு. பத்திரம்" என்றான்.

பத்திரம் என்று அவன் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பொலிக்சேனிக்குக் காது கேட்காது. சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போய்விட்டதாம். ஆனால் நன்றாகப் பேசுவாள், எதிராளியின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். கவாலா நகரத்தில் பழைய கட்டடங்களை அளந்து வரைந்து கொடுக்கும் வேலை. கல்யாணத்துக்கு முன்னால், "இவளோட எப்படிடா குடும்பம் நடத்துவே?" என்று நான் கேட்டதை யாசோன் இன்னும் மறக்கவில்லை. இப்போது அவளையே என்னிடம் ஒப்படைக்கிறான் என்றால், எனக்கு வைத்த பரீட்சை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கிரேக்கத் தீவான எங்கள் கோர்ஃபுவின் பழைய ஊருக்குள் வண்டி நுழையாது. எல்லாம் நடைதான். நான் மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று பழகியவள், விறுவிறுவென்று நடப்பேன். அவளோ நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று, கழுத்தை அண்ணாந்து, ஜன்னல் விளிம்பையும் பால்கனியைத் தாங்கும் கல்லையும் பார்ப்பாள். நான் முன்னால் போய்க்கொண்டே கோட்டை, கோயில், பெரியவர்கள் கதை எல்லாம் சொல்லிக்கொண்டு போனேன்.

"அண்ணி, முதுகைக் காட்டிக்கிட்டுப் பேசுறீங்க. உங்க முதுகுல எனக்கு ஒண்ணும் படிக்கத் தெரியாது" என்றாள். குரல் கொஞ்சம் உரக்க இருக்கும். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

சாயங்காலம் ஊர்வலத்தில் யாசோனின் குழு துக்க இசை வாசித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது. "கன்னம் உப்பினா இவர் இன்னும் அழகு" என்று அவள் அத்தனை பேர் நடுவில் சொன்னாள். பக்கத்தில் மெழுகுவத்தியோடு நின்ற கிழவர் சிரிப்பை அடக்கத் திணறினார். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பதினொரு மணிக்குக் கோயில் மணிகள் அடித்ததும் மேல்மாடிகளிலிருந்து தண்ணீர் நிரப்பிய மண்குடங்களைத் தெருவில் போட்டு உடைப்போம். சில குடம் ஓர் ஆள் உயரம். அதற்கு முன்னால் தெருவைக் காலி செய்து ஓரமாக நிற்பார்கள். "சதுக்கத்து ஓரமா இருக்கிற லிஸ்டன்ல நின்னு பார்ப்போம், அங்கதான் போடுவாங்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். சந்துகளிலும் அவரவர் வீட்டு ஜன்னலிலிருந்து போடுவார்கள் என்று சொல்லவில்லை. மழை மேலிருந்து பெய்யும் என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா?

லிஸ்டன் வளைவுகளுக்குக் கீழே எள் போட்டால் எள் விழாத கூட்டம். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஒரு காப்பிக் கடையில் உட்கார வைத்தேன். பரிசாரகன் அவளிடம் என்ன வேண்டும் என்று கேட்டான். "அவகிட்டக் கேக்காதப்பா, அவளுக்குக் காது கேக்காது. என்னைக் கேளு" என்றேன்.

அவள் என் உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "என் காது கதையை ஊருக்கெல்லாம் தண்டோரா போடணுமா அண்ணி? எனக்கு வாய் இருக்கில்ல?" என்று எழுந்தாள். "நேத்துப் பார்த்த சந்துல ஒரு வீட்டை வரையணும். நீங்க இங்கயே இருங்க." வரைபலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டாள்.

போகட்டும், கோபம் ஆறினால் தானே வருவாள் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன். ஆறிப்போன காப்பியைக் குடித்தேன். எதிர் மாடியில் நாலு பேர் சேர்ந்து ஒரு பெரிய குடத்தைப் பால்கனிக் கம்பியருகே நகர்த்தினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் போயிருப்பது கம்பியேலோ பேட்டையின் பழைய கிணற்றுக்குப் பின்னால் இருக்கும் சந்து. இரண்டு பக்கமும் ஐந்து மாடி. எல்லா ஜன்னலிலும் இந்நேரம் குடம் ஏறியிருக்கும். குடம் விழுவது லிஸ்டனில் மட்டும்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மேலிருந்து "தள்ளிப் போ" என்று கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. மணி அடித்தாலும் கேட்காது.

போனில் செய்தி அனுப்பினேன். அத்தனை ஜனம் போனைத் தூக்கிக்கொண்டு நிற்கிற இடத்தில் எது போகும்? வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடினேன். எல்லாரும் சதுக்கத்தை நோக்கி வருகிறார்கள், நான் ஒருத்தி எதிர்த்துப் போகிறேன்.

"எங்கம்மா இப்படி முட்டிக்கிட்டு ஓடுறே? வீட்ல அடுப்பை அணைக்க மறந்துட்டியா?" என்று ஒருவன் கிண்டல் செய்தான். யாசோன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதைத் தவிர மண்டையில் வேறு எதுவும் ஓடவில்லை. அவளைப் பிடிக்காமல் கொன்றுவிட்டாள் என்றுகூட ஊர் சொல்லும். ஊர் கிடக்கட்டும், தம்பி அப்படி நினைத்தால்?

கிணற்றைத் தாண்டிச் சந்தின் முனைக்கு வந்தேன். தெரு காலி. உள்ளே தூரத்தில், நட்ட நடுவில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் நின்று வரைந்துகொண்டிருந்தாள். இரண்டு பக்க ஜன்னல்களிலும் நின்றவர்கள் கையில் சிவப்பு நாடா கட்டிய குடங்கள் தயாராக இருந்தன.

மணி இன்னும் அடிக்கவில்லை. அடிக்காமல் எங்கள் ஊரில் ஒருத்தனும் குடத்தை விடமாட்டான். பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறேன். அந்த நம்பிக்கையில்தான் சந்துக்குள் பாய்ந்தேன். ஓடிக்கொண்டே இரண்டு கைகளையும் தூக்கி மாடிகளைப் பார்த்து ஆட்டினேன். "போடாதீங்க! போடாதீங்க!" சதுக்கத்திலிருந்து வந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மேலே இருந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பொலிக்சேனி வழக்கம்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை முகமும் ஒரே பக்கம் திரும்புவதைப் பார்த்து அவளும் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் என் தலைக்கு மேலே பார்த்தாள்.

"அண்ணி!"

பலகையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அவள் என்னை நோக்கி ஓடிவந்தாள். என் பின்னால் முதல் குடம் விழுந்து வெடித்தது. தண்ணீர் முதுகில் அறைந்தது. அவள் என் சட்டைக் கழுத்தைப் பற்றி இழுத்தாள். அடுத்த குடத்தின் துண்டு ஒன்று பலகையில் மோதி அதைப் பிளந்தது. கால் தடுக்கி விழுந்த என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய், தான் முதலில் நின்ற இடத்தில் சேர்த்தாள். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அங்கே சந்துக்குக் குறுக்கே இரண்டு வீடுகளையும் சேர்க்கிற கனத்த கல் வளைவு இருந்தது. எங்கள் தலைக்கு மேல் ஒரு பாறையே இருந்தது போல. முனையிலிருந்து பார்த்தபோது அது என் கண்ணில் படவே இல்லை.

குடங்கள் ஓய்ந்ததும் பெரிய மீசை வைத்த ஒருவர் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"உங்களுக்கென்ன பைத்தியமா அம்மா? நீங்க கையை ஆட்டினதும் சதுக்கத்துல ஆரம்பிச்சாச்சுன்னு நெனச்சுதானே விட்டோம்! விட்ட குடத்துக்குக் கீழயே வந்து நிப்பீங்கன்னு யார் கண்டா?"

"இந்தப் பொண்ணுக்குக் காது கேக்காது, நடுத்தெருவுல நின்னா, அதான்..." என்று இழுத்தேன்.

"அது எங்களுக்குத் தெரியாதா? வந்ததுமே கதவைத் தட்டிச் சொல்லிட்டாளே. எங்க நிக்கலாம்னு கேட்டா. நான்தான் இந்த வளைவுக்கு அடியில நிக்க வச்சேன். இங்க ஒரு தூசி விழாது. அவ பாட்டுக்கு நின்னா. உங்களுக்காகத்தான் வெளிய ஓடி வந்தா."

அப்போதுதான் நிஜ மணி அடித்தது. எல்லாக் கோயில் மணிகளும் சேர்ந்து அடித்தன. ஊர் முழுக்க இடி இடித்த மாதிரி குடங்கள் உடைந்தன. எங்கள் சந்தில் மட்டும் போடுவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. ஈர ஓடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

பொலிக்சேனியின் முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்தது. அவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணி, என்ன சொல்றார்? இவர் மீசையில எனக்கு ஒண்ணும் புரியலை."

மன்னிப்புக் கேட்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரியப்போவதில்லை. சொல்ல வாயைத் திறந்தேன், அவள் கண் என் உதட்டிலேயே இருந்தது. வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "நீ பத்திரமா நின்னிருந்தே. குடத்தை விழ வச்சது நான்தான். நான் கையை ஆட்டினதாலதான் விட்டாங்க."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் உதடு கோணியது. என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா, உங்க தம்பிகிட்ட நான் என்னன்னு சொல்லியிருப்பேன் அண்ணி?" என்று தெருவே கேட்கும்படி அழுதாள்.