இரண்டு செகண்ட் தாமதம்

பதினேழு வருடமாக வானொலியில் தொண்டை வறளப் பேசியும், மலைக்கு அந்தப் பக்கம் வாக்கப்பட்ட தங்கையின் காதில் அறிவிப்பாளரின் குரல் ஒருநாளும் விழுந்ததில்லை. நிலையத்தின் அலை மலையில் முட்டி அங்கேயே நின்றுவிடும். "உங்க அண்ணனுக்கு ரேடியோவுலதான் வேலையா, இல்ல ரேடியோ ரிப்பேர் கடையிலயா?" என்று மாப்பிள்ளை கிண்டலடிப்பாராம்.

புதிதாக வந்த இன்ஜினியரம்மா குரலை வானத்துக்கு அனுப்பி அந்தப் பக்கம் இறக்கப்போவதாகச் சொன்னபோது அறிவிப்பாளருக்கு எரிச்சல்தான் வந்தது.

"பக்கத்து ஊருக்குப் போக வானத்தைச் சுத்திக்கிட்டா போகணும்?"

"மலைக்கு ரெண்டு பக்கமும் தெரியறது மேல இருக்கிற செயற்கைக்கோளுக்கு மட்டும்தான் சார்."

மூன்று நாள் வெயிலில் நின்று, மலைக்கு அப்பால் டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, பக்கத்திலேயே சின்னதாக ஒரு டிரான்ஸ்மிட்டரையும் நிறுத்திவிட்டு வந்தார் அந்த அம்மா. "போய்ச் சேர ரெண்டு செகண்ட் ஆகும் சார், அவ்வளவுதான்."

மறுநாள் காலை வானிலை அறிக்கையைப் படித்து முடித்து மைக்கை அணைத்த கையோடு, இன்ஜினியரம்மா நீட்டிய போனைப் பிடுங்கினார் அறிவிப்பாளர். மறுமுனையில் தங்கை.

"கேக்குதாம்மா?"

பதிலுக்கு, தங்கை வீட்டு ரேடியோவிலிருந்து வந்தது அவருடைய குரலேதான். "மாலையில் மழைக்கு வாய்ப்பு உண்டு." வானம்வரை போய்த் திரும்பியும் துளிப் பிசிறில்லை. அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அதற்குள் தங்கை சீறினாள். "சும்மா இருண்ணே! ரேடியோவுல நீ பேசுறது காதுல விழ மாட்டேங்குது!"