ஏணியடியில் ஒரு துணி

ஜூலை பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணி. விடாத மழை, காற்று வேறு. வேலையிடத்துத் தகர அலுவலகத்தின் வாசலில், கூரை விளிம்பின் கீழ், சாரக்காரரும் அவர் தங்கையும் ஒண்டி நின்றார்கள்.

மூன்று வாரங்களுக்கு முன், இதே போன்றதொரு நாளில், குறுக்குக் குழாய்கள் போதாமல் சாரத்தின் மூன்றாம் தட்டை அரைகுறையாக விட்டு அவர் இறங்கினார். அவ்வாறு இறங்கும்போது ஏணியடியில் சிவப்புத் துணி கட்டுவது சாரக்காரர்களின் வழக்கம்; துணி தொங்கும் ஏணியில் எவரும் கால் வைப்பதில்லை. அன்று மதியம், பூச்சு வேலை செய்யும் தங்கை கணவர் அந்த ஏணியில் ஏறினார். பலகை புரண்டது. இடுப்பெலும்பு நொறுங்கிப் படுத்தவர் இன்னும் எழவில்லை. ஓடி வந்து தூக்கியவர்கள் ஏணியடியில் துணியைப் பார்க்கவில்லை.

"அண்ணே, கடைசியாக் கேக்கிறேன். கட்டினீங்களா, இல்லையா?"

"கட்டினேம்மா. எம் பாப்பாவோட பழைய சிவப்புக் கவுனைக் கிழிச்சுக் கட்டினேன். நட்சத்திரப் பொத்தான் வச்சு நீ தச்சுக் குடுத்தியே, அதுதான்."

"அப்ப எங்க போச்சு? காத்து வந்து முடிச்சை அவுத்துச்சா?"

இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் போட்ட முடிச்சு எதுவும் தானாக அவிழ்ந்ததில்லை. அதை இப்போது சொன்னால் வீம்பாகப் படும்.

"எங்க மச்சான் கட்டின சாரத்துல கண்ண மூடிக்கிட்டு ஏறலாம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச மனுசன் அண்ணே அவரு" என்றாள் அவள்.

கதவு திறந்தது. எழுத்தர் தலையை நீட்டினார். "வாங்க. வானம் வரைக்கும் சாரம் கட்டுவீங்க, முழத்துணி ஒண்ணக் கட்ட மறந்துட்டீங்களே!"

உள்ளே மேலாளர் நிமிராமலேயே கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். "விசாரணை முடிஞ்சது. எச்சரிக்கைத் துணி கட்டலை. தப்பு உங்க மேலதான். நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம். ஈரக் கையால புடிக்காதீங்க, மை கலைஞ்சிடும்."

சாரக்காரர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார், தங்கையிடம் நீட்டினார். "படிச்சுச் சொல்லும்மா."

அவள் வாங்கவில்லை. மேலாளரின் தலைக்குப் பின்னால், தாழ்ப்பாள் உடைந்த ஜன்னல் காற்றில் அதிர்ந்துகொண்டிருந்தது. அது திறந்துகொள்ளாதபடி கம்பியோடு சேர்த்து ஒரு சிவப்புத் துணி இறுக்கப்பட்டிருந்தது. துணியின் ஓரத்தில், நட்சத்திர வடிவில், இரண்டு வெள்ளைப் பொத்தான்கள்.