இரண்டு பட்டை கூடுதலாக

1

பாண்டீஸ்வரி என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். "நீங்க பாத்ததை, காதால கேட்டதை எழுதிக் குடுங்க சார், போதும்" என்றார். திங்கட்கிழமைக்குள் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டுமாம். அவர் கணவர் சின்னான் பதினேழு நாளாகப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஜீப்பில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிக் கவிழ்த்துவிட்டதாக வழக்கும் அவர் மேல்தான். ஏற்றச் சொன்னது முதலாளி என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

முதலாளி அசோக்குமார் என் மனைவியின் அண்ணன். நான் திருநகரில் குடியிருக்கும் பள்ளிக்கூட வாத்தியார். பத்திரிகைகளில் கதை எழுதுகிறவன். மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஒரு பக்கம் வரவில்லை. இதுதான் வந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மேற்கு மலையின் மடியிலிருந்து, மஞ்சள் வெயிலில் குளித்தபடி, ஒரு பழைய ஜீப் மெல்ல—"

சகிக்கவில்லை. ஒரு மனிதருக்குக் கால் போயிருக்கிறது, எனக்கு மஞ்சள் வெயில் கேட்கிறது.

அடுத்தது:

"ஸ்பிரிங் பட்டை என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்பு. பட்டை கூடினால்—"

வாத்தியார் புத்தி, பாடம் நடத்துகிறது. (ஆனாலும் இது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். பாரம் ஏறினால் பட்டை தாழும், வண்டியின் பின்பக்கம் உட்காரும். பட்டையைக் கூட்டினால் உட்காராது. வண்டிக்குப் புதுத் தெம்பு வந்த மாதிரி இருக்கும். பிரேக் மட்டும் பழையதுதான்.)

3

சின்னானை "அப்பாவி" என்று எழுதி, அடித்தேன். விவரமானவர். அடிவாரத் தோட்டத்திலிருந்து தேங்காய் மூட்டை இறக்குவது அவர் வேலை. நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்பைத் தவிர வேறெதுவும் போகாத பாதை அது. மூட்டை ஏற ஏற, பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்ப்பார். நாலு விரல் போக வேண்டும். போகவில்லையென்றால், "அண்ணே, வண்டி உக்காந்துருச்சு. இதுக்கு மேல அது வராது" என்பார்.

கவனியுங்கள். "நான் ஓட்டமாட்டேன்" என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. முதலாளியிடம் அப்படிச் சொல்லிவிட்டு வேலையில் இருக்க முடியாது. வண்டி வராது என்று சொல்லலாம்.* பன்னிரண்டு மூட்டையோடு அன்றைய ஏற்றம் நின்றுவிடும்.

* இங்கே ஓர் உவமை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். நன்றாக இருந்தது, அதனால்தான்.

4

அவனியாபுரத்தில் முத்துக்கருப்பன் பட்டறை. மச்சானோடு நானும் போயிருந்தேன். [சும்மா துணைக்கு.] பொய். யோசனை சொன்னதே நான்தான். பாலைவனத்தில் வீட்டையே ஏற்றிக்கொண்டு திரிகிற வண்டிகளின் வீடியோக்களை செல்போனில் பார்த்துவிட்டு, "பின்னாடி கனமான ஸ்பிரிங் போட்டா உக்காராது மச்சான், சின்னானுக்கும் இடுப்பு வலி குறையும்" என்றேன். (கனமான பட்டை போட்டால் தூக்கித் தூக்கிப் போடும், இடுப்புக்கு இன்னும் கேடு. அதுகூடத் தெரியாது எனக்கு.)

போல்ட்டை முறுக்கியபடியே முத்துக்கருப்பன் சொன்னார்: "அண்ணே, ரெண்டு பட்டை கூட வச்சிருக்கு. வண்டி உக்காராது. அதுக்காக அம்புட்டையும் ஏத்திராதீக. பிரேக்கு அதே பிரேக்குதான்."

மச்சான் என் தோளைத் தட்டினார். "இனிமே அவன் எப்படி விரல விட்டுக் காட்டுறான்னு பாப்போம் மாப்ள. முழங்கையே போகும்ல!"

நான் சிரித்தேன்.

இந்த வரியை ஆறு முறை அடித்து ஆறு முறை எழுதியிருக்கிறேன். "புன்னகைத்தேன்" என்று போட்டுப் பார்த்தேன். "லேசாக" என்று ஒன்றைச் சேர்த்துப் பார்த்தேன். இல்லை, பல் தெரியத்தான் சிரித்தேன்.

5

அன்றைக்கும் சின்னான் கையை விட்டுப் பார்த்திருக்கிறார். (பாண்டீஸ்வரி சொன்னது.) இருபதாவது மூட்டைக்கும் இடம் தாராளமாக இருந்தது. "இருக்குல்ல? ஏத்து" என்றாராம் மச்சான். இறக்கத்தில், இரண்டாவது வளைவில், பிரேக் பிடிக்கவில்லை.

வேறு முடிவுகள் தேடினேன்.

பட்டறையில் நான் சிரிக்கவில்லை. "வேணாம் மச்சான்" என்று தடுத்தேன். அதையும் அடித்துவிட்டேன்.

இன்னொன்று: இடம் இருந்தும் சின்னான் சாவியை எறிந்துவிட்டு, நிமிர்ந்து நடந்து போகிறார். பத்திரிகை ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்திருந்தது, மச்சான் போன் செய்யும் வரை. "அவனுக்கு வாயில்லையா மாப்ள? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல? அவனா ஏத்திக்கிட்டுப் போனான், அவன் தப்பு." நான் எழுதிய அழகான முடிவும் மச்சான் ஸ்டேஷனில் சொல்லியிருப்பதும் ஒன்றுதான். கிழித்துப் போட்டேன். என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

என் மனைவி ஒரே ஒரு முறை கேட்டாள்: "எங்கண்ணன உள்ள தள்ளப் போறீகளா?" அதற்குப் பிறகு பேச்சில்லை. தட்டு மட்டும் வருகிறது.

6

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே பாண்டீஸ்வரி வந்துவிட்டார். இதுவரை எழுதியதை நீட்டினேன். வாசலில் நின்றபடியே ஒரு வரி விடாமல் படித்தார்.

"எல்லாம் நடந்தபடிதான் இருக்கு சார். ஆனா சின்னான்னு போட்டிருக்கீங்களே. எங்க வீட்டுக்காரரு பேரு அது இல்லையே. என் பேரும் இது இல்ல."

"கதைன்னா பேர மாத்தணும்மா."

"உங்க மச்சான் பேரு?"

"அதையும்தான்."

"உங்க பேரு எங்கயுமே காணோம்."

தாள்களைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன்.

"சரி சார். நெசப் பேரப் போட்டு இன்னொருக்கா எழுதுங்க. கீழ ஒரு கையெழுத்து. இருந்து வாங்கிட்டே போறேன்."

கேட்டுக்குப் பக்கத்தில், என் ஸ்கூட்டர் நிழலில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வெள்ளைத்தாள் முன்னால் இருக்கிறது.

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது எங்களைப் போன்றவர்களுக்கு வசதி. விடுகிறேன். நீங்கள் என்னைவிடத் தைரியசாலியாக இருக்கலாம். திங்கட்கிழமை காலையில் நீங்களே ஸ்டேஷனுக்குப் போய், நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லலாம். யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். உங்களுக்கு அவர் பெயர் தெரியாது.