நாலு டிகிரி

2025 அக்டோபர் 1, புதன்கிழமை. செலவுக்கான சட்டம் நிறைவேறாததால் அமெரிக்க மத்திய அரசின் அலுவலகங்கள் மூடப்பட்டன. ஐடஹோவின் தென்கிழக்கே உள்ள ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் பதினான்கு ஊழியர்களில் பதிமூன்று பேரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

போவதற்கு முன் மேசையை ஒழுங்குபடுத்த நான்கு மணி நேரம் விதிப்படி உண்டு. பெரும்பாலானவர்கள் சம்பளமில்லாக் கட்டாய விடுப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டு, அரை மணியில் கார் ஏறிவிட்டார்கள். வெர்லா ஸ்டக்கி நான்கு மணி நேரத்தையும் எடுத்துக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருடமாக அங்கே கோதுமையில் புதுக் கலப்பினங்களை உருவாக்குகிறவள் அவள். அவள் பொறுப்பில் பதினொரு தொட்டிகள் இருந்தன. கோதுமையையும் ஒரு காட்டுப்புல்லையும் சேர்த்து மூன்று வருடம் முயன்று கிடைத்த செடிகள். கோதுமையை அழிக்கும் துரு நோய் அவற்றைத் தொடவில்லை. ஆனால் மலட்டுச் செடிகள், தானாக மணி பிடிக்காது. கதிர் வெளிவந்த சில நாட்களுக்குள் கோதுமை மகரந்தத்தை இடுக்கியால் எடுத்து வைத்தால்தான் உண்டு. கிடைத்த விதை முழுவதையும் அவள் விதைத்திருந்தாள். கொஞ்சம் எடுத்து வைப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். அவசரத்தில் அதை மீறிவிட்டாள். கதிர் வரப் பத்து நாள் இருந்தது.

தொட்டிகளையும், மகரந்தம் தரவேண்டிய கோதுமைத் தொட்டிகளையும் தள்ளுவண்டியில் ஏற்றிக் குளிரறைக்குக் கொண்டுபோனாள். மேலாளர் ட்ரென்ட் கதவருகே நின்று பார்த்தார்.

"திங்கக்கிழமை முடிஞ்சிரும் வெர்லா. எதுக்கு இவ்வளவு பாடு?"

"முடிஞ்சா வெளியே எடுக்க எனக்குப் பத்து நிமிஷம். முடியலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

சூடான அறையில் ஒரு நாளில் வளர்வது நாலு டிகிரியில் வளர ஐந்து நாளாகும். பத்து நாளை அவள் ஐம்பது நாளாக்கியிருந்தாள். கதவில் ஒரு தாள் ஒட்டினாள்: நாலு டிகிரி. வாரம் ஒருமுறை தண்ணீர். வேறு எதுவும் செய்யவேண்டாம்.

நிலையத்தில் தங்கிய ஒரே ஆள் ஆர்வல், பராமரிப்பாளர். கொதிகலனைப் பார்ப்பதும் செடிக்குத் தண்ணீர் விடுவதும் அரசுச் சொத்தைக் காப்பது என்று கணக்கு. அதற்கு அனுமதி உண்டு. அவருக்கும் சம்பளம் அலுவலகம் திறந்த பிறகுதான். வெர்லாவுக்கு உள்ளே வந்து வேலை செய்ய அனுமதியே இல்லை. இலவசமாக உதவினாலும் சட்டமீறல். அலுவலக மின்னஞ்சலைத் திறந்தாலே வேலை செய்ததாக அர்த்தம்.

அவள் பக்கத்துப் பண்ணையில் பீட்ரூட் லாரி ஓட்டப் போனாள். சர்க்கரைப் பீட்ரூட் அறுவடைக்கு அக்டோபரில் ஓட்டுநர் எத்தனை பேர் வந்தாலும் போதாது. லாரியில் அவளைப் பார்த்தவர்கள், அரசாங்கம் இப்போதுதான் உருப்படியான வேலைக்கு ஆள் அனுப்பியிருக்கிறது என்று கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள்.

முப்பதாம் நாள், எடைமேடை வரிசையில் லாரி நின்றபோது ஆர்வல் ஜன்னலருகே வந்தார். உருளைக்கிழங்கு விவசாயியின் மகன். குளிரில் நிற்கும் பயிரைப் பார்த்தால் அவருக்கு மனசு பொறுக்காது. இலைநுனி மஞ்சளாகிறது, பார்க்கவே பாவமாக இருக்கிறது, பன்னிரண்டு டிகிரிக்கு ஏற்றிவிடவா என்றார்.

வெர்லா முன்லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டுக்கு ஏற்றினால் ஒரு வாரத்தில் கதிர் வந்துவிடும். மகரந்தம் வைக்க உள்ளே ஆள் இருக்காது. வாயைத் திறந்து விளக்கினால் அது வேலை.

"எங்கிட்டக் கேக்காதீங்க. நான் இப்போ பீட்ரூட் லாரிக்காரி."

"சும்மா பேச்சுக்குத்தானே கேக்கறேன்."

"கதவுல என்ன எழுதியிருக்கு?"

"நாலு."

"உங்களுக்குப் படிக்க வரும்னு நெனச்சேன்."

"செத்துப்போனா என்னைச் சொல்லக்கூடாது."

"தாள்ல என் கையெழுத்து இருக்கு. பழி எனக்கு. போங்க ஆர்வல், பின்னாடி ஹார்ன் அடிக்கிறான்."

அவர் முணுமுணுத்தபடி போனார். அறை நாலு டிகிரியிலேயே இருந்தது.

நவம்பர் 12 இரவு சட்டம் நிறைவேறியது. மறுநாள் காலை ஏழு மணிக்கு வெர்லா குளிரறையைத் திறந்தாள். இலைநுனிகள் காய்ந்திருந்தன. இரண்டு செடிகள் செத்திருந்தன. மற்ற ஒன்பதிலும் கதிர் உறைக்குள்ளேயே இருந்தது. தொட்டிகளைச் சூடான அறைக்கு மாற்றினாள். அடுத்த வாரம் கதிர்கள் வெளிவந்தன. ஐந்து நாள் மகரந்தம் வைத்தாள்.

ஜனவரியில் அந்த ஒன்பது செடிகளிலிருந்து இருபத்தாறு விதைமணிகள் கிடைத்தன.