சாயங்கால உயரம்

உயரமானவனைப் பார்த்து ஊரே பொறாமைப்படும். அவனை ஒரு காருக்குள் ஏற்றிப் பாருங்கள், பொறாமையெல்லாம் இறங்கிவிடும். டவரை அப்படி ஆறு ஷோரூம்களில் ஏற்றிப் பார்த்தார்கள்.

டவர் என்பது தொழிற்சாலையில் வைத்த பெயர். ஆறடி ஐந்து அங்குலத்துக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? கதவு நிலைகளுக்கெல்லாம் குனிந்து குனிந்தே பணிவானவன் என்று பேர் வாங்கியவன். கியர் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் அளவு அறையில் இருபது வருஷமாக இருக்கிறான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கூடியிருந்தாலும் கியரைத் திருப்பி அனுப்பிவிடுவான். மனைவியோ அவன் நெஞ்சு உயரம்கூட இல்லை. கல்யாணப் போட்டோவில் அவளை ஸ்டூல் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். ஸ்டூல் தெரியாமலிருக்கப் புடவையை இழுத்துவிட்ட கதையை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் நான்கு வருஷம் ஆகிறது. வாரம் மூன்று நாள், காலை ஆறரைக்கு டயாலிசிஸ். அந்த மையம் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். அதற்கான செலவு முழுவதையும் தொழிற்சாலையின் மருத்துவக் காப்பீடு பார்த்துக்கொள்கிறது. அந்தத் தொழிற்சாலையோ இரண்டு வருஷத்துக்கு முன் எழுபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அங்கே டயாலிசிஸ் மையம் கிடையாது. ஆக, வீட்டை மாற்ற முடியாது, வேலையையும் விட முடியாது. கம்பெனி பஸ் ஒன்று உண்டு. அது மையம் திறக்குமுன்பே கிளம்பிவிடும். கிளம்பாமல் காத்திருந்தாலும் அதன் சீட்டுகளுக்கு நடுவே அவன் முழங்கால் நுழையாது.

இரண்டு வருஷம் பழைய சின்னக் காரில் மடங்கி மடங்கிப் போய்வந்ததில் இடுப்பு கெட்டது. வலது பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துது. தினமும் நல்லா நீட்டி நிமிர்ந்து படுங்க. எவ்வளவு படுக்கறீங்களோ அவ்வளவு நல்லது. கூனி உட்கார்ந்து ஓட்டுற வண்டியை முதல்ல மாத்துங்க. இப்படியே விட்டா பாதம் தொங்கிடும். அப்புறம் பிரேக்கை மிதிக்க முடியாது."

பிரேக் மிதிக்க முடியாதவன் வேலைக்குப் போக முடியாது. வேலை போனால் காப்பீடு போகும். காப்பீடு போனால் என்ன போகும் என்பதை அவர்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதே இல்லை.

பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டுகிற ஹைப்ரிட் கார்தான் வாங்க வேண்டும் என்று அவளே படித்துச் சொன்னாள். அடுக்குமாடியில் சார்ஜ் போட வழி கிடையாது. கிளட்ச் மிதித்தால் இடுப்பு கேட்காது. தினமும் நூற்றைம்பத்தாறு கிலோமீட்டருக்கு வெறும் பெட்ரோல் கட்டாது. சரி என்று தேட ஆரம்பித்தான். அப்போதுதான் தெரிந்தது, இந்த உலகத்தில் கார் செய்கிறவர்கள் எல்லோரும் அவளைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் செய்கிறார்கள் என்று.

வேலை முடிந்து எழுபத்தெட்டு கிலோமீட்டர் ஓட்டி வந்து, ஷோரூம் மூடுமுன் ஏழு மணிக்கு நுழைவான். கையில் டேப். முதல் காரில் பேட்டரியை முன் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார்கள், சீட் கீழே இறங்கவில்லை. இரண்டாவதில் கூரைக் கண்ணாடி தலைக்கு மேல் ஒரு அங்குலத்தைத் தின்றுவிட்டது. மூன்றாவதில் தலை தப்பியது, முழங்கால் ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டது. நான்காவதில் உட்கார்ந்தவனைப் பார்த்து வேறொரு வாடிக்கையாளர், "சார் உள்ள இருக்காரா, மாட்டியிருக்காரா?" என்று கேட்டார். டவரும் சிரித்தான். இறங்கும்போது பாதம் தரையில் பட்டதே தெரியவில்லை.

ஆறாவது ஷோரூமில் இருந்த விற்பனையாளரம்மா விவரம் தெரிந்தவர். அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், இதுல கூரைக் கண்ணாடி இல்லாத மாடல் ஒண்ணு இருக்கு. யாரும் கேக்கறதில்ல. பேட்டரி பின்னாடி. உட்கார்ந்து பாருங்க."

உட்கார்ந்தான். கால் நீண்டது, நீண்டுகொண்டே போனது. முதுகு முழுக்கச் சீட்டில் பதிந்தது. தலைக்கு மேல் டேப்பை வைத்துப் பார்த்தான். பதினெட்டு மில்லிமீட்டர் இடைவெளி. அரைமணி நேரம் ஓட்டினான். பாதம் மரக்கவில்லை. திரும்பி வந்து இறங்காமலேயே உட்கார்ந்திருந்தான்.

"என்ன சார், பிடிக்கலையா?"

"இல்லம்மா. எழுந்திருக்க மனசு வரல."

அடுத்த இரண்டு சாயங்காலமும் போய் உட்கார்ந்து அளந்தான். பதினெட்டு, பதினெட்டு. மூன்று தடவை அளந்து மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அளவு. அது அவன் தொழில் தர்மம்.

மூன்று மாதம் காத்திருந்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வண்டி வந்தது. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதில் அவளை ஏற்றி வீட்டுக்கு ஓட்டி வந்தான். ஓடுகிற சத்தமே இல்லை. "வண்டி நடக்குதா, நிக்குதா?" என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். நான்கு வருஷத்தில் முதல்முறையாக அந்த வீட்டில் இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள். ஞாயிறு முழுக்க டாக்டர் சொன்னபடி நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தான்.

திங்கள் காலை ஆறு மணிக்கு, அவளை மையத்தில் விட்டுவிட்டுப் போவதற்காகக் காரில் ஏறினான். தலை கூரையில் முட்டியது.

சீட் நகர்ந்திருக்கும் என்று நினைத்தான். நகரவில்லை. இன்னும் கீழே இறக்கப் பார்த்தான். அதற்குமேல் இறங்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால் மண்டை கூரையை அழுத்தியது. கழுத்தைச் சாய்த்துக்கொண்டால்தான் ரோடு தெரிந்தது.

"என்னங்க?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல. சீட்டைப் பாக்கறேன்."

அவளை இறக்கிவிட்டு, மைய வாசலிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அளவு அறையில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவனிடமும் முதல் நாள் அவன் சொல்வது ஒன்றே ஒன்று: "மெஷின்லேர்ந்து சூடா வந்ததை உடனே அளக்காதே. ரெண்டு மணி நேரம் மேசைமேல கிடக்கட்டும், ஆறட்டும். சூட்டுல அளந்தா அது பொய் சொல்லும்." இருபது வருஷமாகச் சொன்ன வாய். ஊருக்குத்தான் உபதேசம். தன் உடம்பை மட்டும் மூன்று தடவையும், நாள் முழுக்க நின்று, எழுபத்தெட்டு கிலோமீட்டர் மடங்கி ஓட்டி, முதுகுத் தட்டுகள் நசுங்கிக் குறுகிப் போன சாயங்காலத்தில் அளந்திருக்கிறான். தூங்கி எழுந்தால் மனிதன் இரண்டு சென்டிமீட்டர்வரை நீள்கிறான்; பதினெட்டு மில்லிமீட்டரைத் தின்ன அது போதும். அது அவனுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் நினைவு வர வேண்டிய நேரத்தில் வரவில்லை.

விற்பனையாளரம்மாவுக்குப் போன் செய்தான். அவருக்கு உண்மையாகவே வருத்தம்.

"சார், பதிவு ஆன அன்னிக்கே அது பழைய வண்டி. திரும்ப எடுக்க மாட்டாங்க. சீட்டை அறுத்து இறக்கலாம்னா, ஏர்பேக் ஒயரெல்லாம் அதுலதான் போகுது. யாரும் கை வைக்க மாட்டாங்க."

சீட்டின் முதுகைச் சாய்த்துப் பார்த்தான். தலை தப்பியது, இடுப்புக்குப் பின்னால் பள்ளம் விழுந்தது. முப்பதாவது கிலோமீட்டரில் பாதம் செத்தது. கழுத்தைச் சாய்த்து ஓட்டிப் பார்த்தான். அன்று சாயங்காலம் கை விரல்களும் மரத்தன. பட்ட காலிலே படும் என்பார்கள்; அவனுக்குக் கையிலும் பட்டது. டாக்டரிடம் போனால், "இன்னும் நல்லா படுங்க" என்றார். படுத்தால் நீள்கிறான். நீண்டால் காருக்குள் அடங்கவில்லை. இடுப்பைக் காப்பாற்றக் கார், காருக்காக இடுப்பைக் கெடுக்க வேண்டும்! இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். அவனுக்கே ஒரு தடவை சிரிப்பு வந்தது.

அவளிடம் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து நாலரைக்கே எழுந்தான். எழுந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில்தான் உடம்பு அதிகம் குறுகும், சுமை ஏற்றினால் இன்னும் குறுகும் என்று எங்கோ படித்தான். இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தான். ஆறு மணிக்குக் காரில் ஏறினால் தலை கூரையை உரசும், அழுத்தாது. இடுப்பு மட்டும் நாளுக்கு நாள் மோசமானது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று சொல்வார்கள். அவனுக்கோ ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கு.

பதினோராம் நாள் அவள் எழுந்து வந்துவிட்டாள். டயாலிசிஸ் நாள். முகமும் பாதமும் வீங்கியிருந்தன. கூடத்து விளக்கைப் போட்டாள். கேனோடு நின்றான்.

"என்ன பண்றீங்க?"

"உடற்பயிற்சி."

"பொய்."

இருபது வருஷம் அளந்தவன், ஒரு வார்த்தைப் பொய்யைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னான். காலை உயரம், சாயங்கால உயரம், பதினெட்டு மில்லிமீட்டர். சொல்லி முடித்ததும் அவள் சிரித்தாள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்னாலதானே."

"காராலம்மா. உன்னால இல்ல."

"வேலையை விட்டுடுங்க."

அதை அவள் இரண்டாவது தடவை சொல்லவில்லை. விட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தடித்துப் பத்து நிமிஷம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேனை அவன் தோளிலிருந்து இறக்கச் சொன்னாள். இறக்கி வைத்தான்.

"இது வெறும் இருபது கிலோ. நான் நாப்பத்திமூணு. அதுல ரெண்டு கிலோ இன்னிக்கு எடுக்கப்போற தண்ணி." பழைய ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். "திரும்புங்க."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். மணி ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி நின்றான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதுகில் ஏறிக்கொண்டாள். டயாலிசிஸ் ஊசி ஏற்றி ஏற்றிப் புடைத்த அவள் கை நரம்பு, உள்ளே பாய்கிற ரத்தத்தில் அவன் தாடைக்குக் கீழே அதிர்ந்துகொண்டிருந்தது. கூடத்திலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து கூடத்துக்கும் நடந்தான்.

நான்காவது நடையில் வலது பாதத்துக்குத் தரை தெரியவில்லை. கீழே குனிந்து பார்த்து, பாதம் இருக்கிற இடத்தைத் தெரிந்துகொண்டு அடியெடுத்து வைத்தான்.

"போதுமாங்க?" என்றாள் காதருகில்.

"இன்னும் கொஞ்சம்," என்றான்.